மேல் கிண்ணத்தில் டிரான்ஸ்ஃபெரின்: செல் வழி மாற்றுகிறதா, கணக்குப் பிழையா?

தறிமேடை எழுதியது:

வணக்கம்ங்க. எபிதீலியச் செல்லோட (குடல், சிறுநீர்க் குழாய் உள்பக்கத்துல அடுக்கா நிக்கற செல்) வேலை பார்க்கறவங்க இந்தக் கணக்கை ஒருக்கா பார்த்துச் சொல்லோணும்.

செல்: எம்டிசிகே (ஒரு சிறுநீரகச் செல் வரிசை) இரண்டாம் வகை, 12 மி.மீ. இன்செர்ட் (கிண்ணத்துக்குள்ள நிக்கற, அடியில ஃபில்டர் உள்ள குவளை), 0.4 மைக்ரான் துளை, பாலிகார்பனேட். விதைச்சு நாலாம் நாள். டீர் (செல் அடுக்கோட மின்தடை) அளவு: செல் இருக்கற இன்செர்ட் 240 ஓம், வெறும் இன்செர்ட் 110 ஓம். மிச்சம் 130-ஐ ஃபில்டர் பரப்பு 1.12 சதுர செ.மீ.யால வகுத்தா 116.

செய்முறை: சீரம் இல்லாத மீடியத்தில் 30 நிமிஷம். பிறகு அடிக்கிண்ணத்தில் மட்டும் எஃப்ஐடிசி (ஒளிரும் சாயம்) ஒட்டின மனித டிரான்ஸ்ஃபெரின் (ரத்தத்துல இரும்பைச் சுமக்கற புரதம்), மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில் 45 நிமிஷம். குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (உப்பு பஃபர்) மூணு தடவை அலசி, பிஹெச் 5 கரைசலில் 5 நிமிஷம் வச்சு மேற்பரப்பில் ஒட்டினதை எடுத்தாச்சு. அப்புறம் சூடான சாதா மீடியம், மேலே 0.5 மில்லி, கீழே 1.5 மில்லி, 60 நிமிஷம். ரெண்டு கிண்ணத்திலயும் 100 மைக்ரோலிட்டர் எடுத்து பிளேட் ரீடரில் படிச்சா மேலே 20 பங்கு, கீழே 80 பங்கு வருது.

டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி அடிமுகத்துல உள்ள போய் அடிமுகத்துக்கே திரும்பறதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அஞ்சுல ஒரு பங்கு மேலே வருதுன்னா செல்லு வழி மாத்தித் தாட்டி விடுதுங்களா, இல்ல என்ற கையில தப்பா?

—

நொய்யல்கரை எழுதியது:

தம்பி, செல்லைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கணக்கைத் திருத்தோணும்.

பிளேட் ரீடர் காட்டறது அடர்த்தி. உங்களுக்கு வேணுங்கறது கிண்ணத்தில் முச்சூடும் எவ்வளவு இருக்குங்கற அளவு. மேலே 0.5 மில்லி, அதாவது நீங்க எடுத்த 100 மைக்ரோலிட்டரைப் போல 5 மடங்கு. கீழே 15 மடங்கு. 20 × 5 = 100. 80 × 15 = 1200. மொத்தம் 1300-இல் மேலே வந்தது 100, அதாவது 7.7 சதவீதம். இருபது எங்கயும் இல்லை.

அடுத்தது டீர். பரப்பால் வகுக்கக் கூடாது, பெருக்கோணும். பரப்பு பெருசாகப் பெருசாக மின்சாரம் போறதுக்கு வழி அதிகம், அதனால கருவி காட்டற ஓம் குறையும். அந்தக் குறைவை ஈடு கட்டத்தான் பரப்பால் பெருக்கறது. 130 × 1.12 = 145.6 ஓம்·சதுர செ.மீ. இரண்டாம் வகை எம்டிசிகேவுக்கு இது நல்ல அளவுதான். அந்த வகை செல் நிறைஞ்ச ஒண்ணு ரெண்டு நாளில் டீர் மேலே ஏறி, பிறகு இறங்கி 100-க்கும் 300-க்கும் நடுவில் நிலைக்கும். இறங்கறதைப் பார்த்துட்டு செல் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போடறவங்க நிறையப் பேர். முதல் வகை எம்டிசிகேன்னா ஆயிரத்துக்கு மேல இருக்கோணும்.

ஒரே தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்த உடனே அளந்தா ஒரு எண், 20 நிமிஷம் வெளியே வச்சு அளந்தா கூடுதலா ஒரு எண் வரும். மீடியம் குளிர்ந்தா மின்தடை ஏறும். எந்த வெப்பத்தில் அளக்கறதுன்னு முடிவு பண்ணிட்டு தினமும் அதையே பிடிச்சுக்கோணும். கம்பி ரெண்டும் நேரா நிக்கோணும். குட்டைக் கம்பி ஃபில்டரைத் தொட்டா செல் அடுக்குல ஓட்டை விழும், அந்த ஓட்டை அன்னிக்குத் தெரியாது, சோதனை அன்னிக்குத்தான் தெரியும்.

மூணாவது விஷயம் உங்க பதிவுல இல்லவே இல்லை. ஃபில்டர்ல மிச்சம் எவ்வளவு? சேஸ் (சாதா மீடியத்தில் விடற அந்த 60 நிமிஷம்) தொடங்கறதுக்கு முன்னாடி பூஜ்ய நேரத்தில் ஒரு இன்செர்ட்டை எடுத்து ஃபில்டரை அறுத்து அளந்திருக்கோணும். கடைசியில் மேல் கிண்ணம், அடிக்கிண்ணம், செல், சிதைஞ்சது நாலையும் கூட்டினா அந்த பூஜ்ய நேர அளவுக்குக் கிட்டத்தட்ட வரோணும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில மூட்டை இறக்கும்போது போட்ட எடையும் ஏலம் முடிஞ்சு போட்ட எடையும் பொருந்தாம யாரும் பணத்தை எண்ண மாட்டாங்க. இங்கயும் அதே முறைதான். 90 சதவீதத்துக்குக் கீழே வந்தா எங்கயோ ஒட்டிக்கிட்டு நிக்குது, 110-க்கு மேல போனா பின்புல ஒளிர்வைக் கழிக்கலை.

ஃபில்டர் மேல இருக்கற செல்லைக் கரைக்கறதுக்கு 1 சதவீத டிரைட்டான், பிஹெச் 8-க்குப் பக்கத்தில் வச்சுக்குங்க. எஃப்ஐடிசி அமிலத்துல மங்கிப் போகும். செல்லுக்குள்ள டிரான்ஸ்ஃபெரின் உக்காந்திருக்கற அறையே அமிலம்தான். சிதைஞ்சதைப் பார்க்க மீடியத்தில் 10 சதவீதம் டிசிஏ (முழுப் புரதத்தைப் படிய வைக்கற அமிலம்) போட்டு, படியாம மேலே நிக்கறதை நடுநிலைக்குக் கொண்டுவந்து படிக்கோணும். டிரான்ஸ்ஃபெரினுக்கு இது கொஞ்சமாத்தான் வரும். செல்லுக்குள்ள சிதைஞ்சு போற இஜிஎஃப், எல்டிஎல் வச்சு செய்யறவங்க இதை விட்டா கணக்கே நிக்காது.

—

தறிமேடை எழுதியது:

செரிங்க்கா, இப்பப் புரியுது. அடர்த்தியை அப்படியே பங்காப் போட்டுட்டேன். ஆனா 7.7-உம் எச்சுதானுங்களே? பின்புலம் கழிக்கலை. பிபிஎஸ் சாதா பிபிஎஸ்தான், கால்சியம் போடலை.

—

சென்னிமலை எழுதியது:

கால்சியம் போடாததுதான் முதல் சந்தேகம். இறுக்கச் சந்தி (செல்லுக்குச் செல் இடைவெளியை அடைக்கறது) நிக்கறதே அதுக்குக் கீழ இருக்கற ஈ-கேடரின் புரதத்தோட பிடிப்புல. ஈ-கேடரினுக்குக் கால்சியம் வேணும். கால்சியம் இல்லாத பிபிஎஸ்ஸில் மூணு அலசல், நடுவுல கை தாமதம், அதுக்கப்புறம் சூடு ஏத்தினா சந்தி இளகும். அலசறதுக்கு எப்பவும் 0.1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, 1 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு சேர்த்த பிபிஎஸ்தான். கால்சியத்தைக் கடைசியில் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்குங்க, மொத்தமாக் கொட்டினா பாஸ்ஃபேட்டோட சேர்ந்து வெள்ளையாப் படியும். சிறுவாணித் தண்ணி எவ்வளவு மென்மையா இருந்தாலும் பஃபருக்கு சுத்திகரிச்ச தண்ணிதான்.

அடுத்தது மனித டிரான்ஸ்ஃபெரின். எம்டிசிகே நாயோட சிறுநீரகச் செல். 1958-இல் மேடினும் டார்பியும் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயிலிருந்து பிரிச்சது. நாயோட ஏற்பி மனித டிரான்ஸ்ஃபெரினைச் சரியாப் பிடிக்காது. அதனாலதான் நாய் டிரான்ஸ்ஃபெரினை வாங்கறாங்க, இல்லாட்டி மனித ஏற்பியை நிலையா வெளிப்படுத்தற எம்டிசிகே வரிசையை வச்சுக்கறாங்க. ஏற்பியில் ஒட்டாம திரவத்தோட திரவமா உள்ளே இழுக்கப்பட்டது ரெண்டு முகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். உங்க 7.7-இல் ஒரு பங்கு அதுவா இருக்கலாம். கண்டுபிடிக்க வழி: ஒளிர்வு இல்லாத டிரான்ஸ்ஃபெரினை 100 மடங்கு சேர்த்து ஒரு இன்செர்ட் ஓட்டுங்க. அதுல வர்றது முச்சூடும் ஏற்பி சாராதது. அதைக் கழிச்சுட்டு மிச்சத்தை வச்சுப் பேசுங்க.

மூணாவது, அமில அலசல். இதுல நிறையப் பேர் ஏமாறுவாங்க. மத்த ஏற்பிகளுக்குப் பிஹெச் 5 காட்டினா பிடிச்சிருக்கறது விட்டுரும். டிரான்ஸ்ஃபெரின் அப்படி இல்லை. அமிலத்தில் இரும்புதான் கழண்டு போகும், இரும்பு போன வெறும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியை இன்னும் கெட்டியாப் பிடிச்சுக்கும். பிஹெச் 7.4-க்குத் திரும்பினதும்தான் விடும். எண்டோசோமுக்குள்ள (உள்ளே இழுத்த சரக்கு சேர்ற சவ்வுப் பை) இரும்பை இறக்கி வச்சுட்டு காலியான டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியோட வெளியே வர்றதே இந்தக் குணத்தாலதான். ஆக, பரப்பைச் சுத்தம் பண்றதுன்னா ரெண்டு படி:

1. பிஹெச் 5.0, கூடவே டெஸ்ஃபெராக்ஸமைன் 100 மைக்ரோமோலார், பனியில் 5 நிமிஷம். கழண்ட இரும்பை அது பிடிச்சுக்கும்.
2. பிஹெச் 7.4, அதே டெஸ்ஃபெராக்ஸமைன், பனியில் 5 நிமிஷம், ரெண்டு தடவை.

நீங்க ரெண்டாவது படியைச் செய்யலை. அதனால பரப்பில் ஒட்டியிருந்தது சேஸ் மீடியத்தில் விட்டிருக்கும். அது மறுசுழற்சியா வந்ததுன்னு கணக்குல ஏறியிருக்கும். டெஸ்ஃபெராக்ஸமைன் தலசீமியா குழந்தைகளுக்குக் கொடுக்கற மருந்துதான், கிடைக்காத பொருள் ஒண்ணும் இல்லை.

சேஸ் மீடியத்திலயும் அது 100 மைக்ரோமோலார் இருக்கோணும், கூடவே ஒளிர்வு இல்லாத டிரான்ஸ்ஃபெரின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம். இல்லாட்டி வெளியே வந்தது மறுபடி இரும்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போகும், வேகம் குறைஞ்ச மாதிரித் தெரியும்.

கசிவா, செல் கடத்தினதான்னு பிரிச்சறியணும்னா ஒரே நேரப் புள்ளி பத்தாது. 5, 10, 20, 40, 60 நிமிஷத்தில் மீடியம் முழுசையும் மாத்தி மாத்தி எடுங்க. அலசல் பத்தாம ஒட்டியிருந்ததுன்னா முதல் 5 நிமிஷத்திலயே மேலே வந்துட்டு அப்புறம் ஒண்ணும் வராது. செல் கடத்தினதுன்னா முதல்ல சும்மா இருந்துட்டு, பத்து நிமிஷத்துக்கு மேல ஏறும். கூடவே ஒரு இன்செர்ட்டைப் பனியிலயே வச்சு சேஸ் பண்ணுங்க. குளிர்ல கடத்தல் நிக்கும், கசிவு நிக்காது. டிரான்ஸ்ஃபெரின் 80 கிலோடால்டன் அளவு. அதுக்கு ஜோடியா வேற நிறத்தில் 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரானை அடிக்கிண்ணத்தில் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 1 சதவீதத்துக்கு மேல மேலே வந்தா அந்த இன்செர்ட்டைக் கணக்குல எடுக்காதீங்க.

ஒரு சின்ன விஷயம்: இன்செர்ட்டைக் கிண்ணத்தில் இறக்கும்போது நேரா இறக்கினா அடியில காத்துக் குமிழி மாட்டிக்கும். குமிழி இருக்கற இடத்துச் செல்லுக்கு டிரான்ஸ்ஃபெரினே போய்ச் சேராது. சாய்ச்சு ஒரு ஓரத்தை முதல்ல நனைச்சு இறக்குங்க, தட்டைத் தூக்கிப் பிடிச்சு அடியில பாருங்க.

—

பவானிக்கரை எழுதியது:

எல்லாம் சரிங்க, அடிப்படையா ஒரு கேள்வி. உள்ளே போன சவ்வு தானா வெளியே திரும்பும், அதுக்குக் குறிப்பு (ஏற்பியோட வாலில் இருக்கற அமினோ அமில முகவரி) எதுவும் வேண்டாம், சிதைக்கறதுக்குத்தான் குறிப்பு வேணும்னு படிச்சிருக்கோம். ஃபைப்ரோபிளாஸ்ட்டில் (மேல்முகம் அடிமுகம்னு பிரிவு இல்லாத செல்) வால் அறுத்த ஏற்பி கூட அதே வேகத்துல திரும்பி வருது. அப்படின்னா எபிதீலியச் செல்லில் மட்டும் புத்தகத்துல எதுக்கு இத்தனை எண்டோசோம் பேரு?

—

ஆனைமலை எழுதியது:

நீங்க சொல்றது துருவம் இல்லாத செல்லுக்குச் சரி. அங்கே எண்டோசோமிலிருந்து மெல்லிய குழாய் கிளம்பும். குழாய்ல சவ்வு நிறைய, உள்ளிருக்கும் திரவம் கொஞ்சம். அதனால சவ்வோட இருக்கற ஏற்பிகள் குழாய் வழியா வெளியே போகும், திரவமும் அதில் கழண்டு மிதக்கறதும் உருண்டைப் பகுதியிலயே தங்கி லைசோசோமுக்கு (சிதைக்கற அறை) போகும். வடிவமே பாதிப் பிரிப்பைச் செஞ்சு முடிச்சிரும். வெளியே வர்றதுக்கு ஒரே பரப்புதான், அதனால முகவரி படிக்க வேண்டியதில்லை.

எபிதீலியச் செல்லுக்கு வாசல் ரெண்டு. ஒரு முகம் குடல் குழிக்கோ சிறுநீர்க் குழாய்க்கோ, இன்னொண்ணு ரத்தப் பக்கம். உள்ளே வந்த சவ்வு வெளியே போயிரும்னு விட்டா, கொஞ்ச நேரத்துல ரெண்டு முகத்துச் சரக்கும் கலந்து போயிரும். ஏற்பி பல தடவை உள்ளே போய் வெளியே வருது. ஒவ்வொரு சுற்றிலும் பத்துல ஒண்ணு தப்பிப் போனா பத்துச் சுற்றில் மிஞ்சறது மூணுல ஒரு பங்குதான். 0.9-ஐ பத்து தடவை பெருக்கிப் பாருங்க, 0.35. அதனால ஒவ்வொரு சுற்றிலும் முகவரியை மறுபடி படிச்சே ஆகோணும். எபிதீலியத்தில் மறுசுழற்சிங்கறது ஒவ்வொரு தடவையும் புதுசா நடக்கற பிரிப்பு. இந்த ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா எண்டோசோம் பேரெல்லாம் குழப்பாது.

கோயமுத்தூர்ல பொள்ளாச்சிப் பக்கமிருந்து வர்றவர் உக்கடத்துல இறங்குவார், மதுரைப் பக்கமிருந்து வர்றவர் சிங்காநல்லூர்ல இறங்குவார். ரெண்டு பேரும் டவுன் பஸ் பிடிச்சு காந்திபுரம் வந்தா, ரெண்டு ஊர்க்காரங்களும் ஒரே கூட்டத்துல நிப்பாங்க. எங்கிருந்து வந்தாங்கங்கறது அங்கே உதவாது. போர்டு பார்த்து ஏறினாத்தான் போக வேண்டிய ஊருக்குப் போவாங்க. செல்லிலும் அதே அமைப்பு.

அடிமுகத்துக்கு ஒரு ஆரம்ப எண்டோசோம், மேல்முகத்துக்கு ஒண்ணு. ரெண்டும் தனித்தனி. ஈஈஏ1 புரதம் அடிமுகத்து ஆரம்ப எண்டோசோமில்தான் ஒட்டும், மேல்முகத்தில் ஒட்டாது. இதை மறந்துட்டு ஈஈஏ1 சாயம் போட்டு மேல்முகத்தில் எண்டோசோமே இல்லைன்னு எழுதறதுண்டு. ரெண்டு பக்கச் சரக்கும் சேர்ற இடம் பொது மறுசுழற்சி எண்டோசோம், அது அமிலம். அதுக்கும் மேலே, சென்ட்ரோசோமைச் சுத்தி, மேல்முகத்துக்கு அடியில நெருக்கமா இருக்கறது மேல்முக மறுசுழற்சி எண்டோசோம். அது கிட்டத்தட்ட நடுநிலை பிஹெச். ராப்11ஏ, ராப்25, மயோசின் 5பி (சரக்கு இழுக்கற மோட்டார்) மூணு புரதமும் அங்கே உக்காந்திருக்கும். ராப்25 எபிதீலியத்துக்கே உரியது.

டிரான்ஸ்ஃபெரின் பொது எண்டோசோம் வரைக்கும் வந்து கீழே திரும்பிரும், மேல்முக எண்டோசோமுக்கு மிகக் கொஞ்சமாத்தான் எட்டும். அதோட குறிப்பைப் படிச்சுக் கீழே ஏத்தி விடற புரதக் கூட்டுதான் ஏபி-1பி அடாப்டர். அதோட மியூ1பி உறுப்பு எபிதீலியத்தில் மட்டும் இருக்கறது. 1999-இல் ஃபோல்ஷ், மெல்மன் குழு காட்டினது இதுதான்: பன்றிச் சிறுநீரக எல்எல்சி-பிகே1 செல்லில் மியூ1பி கிடையாது, அங்கே டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியும் எல்டிஎல் ஏற்பியும் மேல்முகத்துக்கும் போயிருது. மியூ1பி-ஐ வெளியிலிருந்து கொடுத்தா கீழே திரும்பிருது. 2002-இல் ரோட்ரிகஸ்-பூலான் குழு, உள்ளே போன ஏற்பியைத் திரும்ப அடிமுகத்துக்கு அனுப்பறதிலும் ஏபி-1பிக்குப் பங்கு இருக்குன்னு காட்டினாங்க.

பவானிக்கரை கேட்டதுக்கு நேர்ப் பதில் அந்த எல்எல்சி-பிகே1 செல்தான். குறிப்பைப் படிக்கறவன் இல்லாத எபிதீலியத்தில் ஏற்பி தானா வீடு திரும்பறதில்லை. தறிமேடை தம்பிக்கும் ஒண்ணு: செல் வாங்கும்போது பேரை மட்டும் பார்க்காதீங்க. சிறுநீரகச் செல்தானேன்னு எம்டிசிகேவுக்குப் பதிலா எல்எல்சி-பிகே1-இல் இதே சோதனை ஓட்டினா, மேலே வர்றதுதான் அந்தச் செல்லுக்கு இயல்பு. அதைத் தப்புன்னு எழுதிறக் கூடாது. சிறுநீரக அண்மைக் குழாய்ச் செல்லிலும் விழித்திரை நிறமி எபிதீலியத்திலும் கூட ஏபி-1பி கிடையாது.

ஏற்பியை நீங்களே உள்ளே செலுத்தியிருந்தா இன்னொரு பொறி இருக்கு. சோடியம் பியூட்டிரேட் போட்டு அளவுக்கு மீறி வெளிப்படுத்தினா அடாப்டர் திணறிப் போகும், வழிஞ்சது மேலே போகும். அதையும் குறிப்புக் கெட்டதுன்னு எடுத்துக்குவாங்க. அளவைக் குறைச்சு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பேசோணும்.

—

காங்கேயத்துக்காரி எழுதியது:

கால்நடைப் பக்கமிருந்து ஒரு வார்த்தை. மேலே எல்லாரும் அடிக்கே திரும்பறதைப் பேசினீங்க. இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் விடறதும் அதே எண்டோசோம் வழிதான், நம்ம ஊர்ல ஒவ்வொரு தொழுவத்திலும் நடக்கறது.

மாட்டுக்கு நஞ்சுக்கொடி வழியா எதிர்ப்பொருள் கன்னுக்குப் போகாது. கன்னு பொறக்கும்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் அநேகமா இல்லை. தாயோட மடிச் செல்கள் ரத்தத்திலிருந்து ஐஜிஜி1-ஐ (ஒரு வகை எதிர்ப்பொருள்) அடிமுகத்தில் பிடிச்சு, செல்லைத் தாண்டிப் பால் பக்கம் விடுது. அதனால சீம்பாலில் ஐஜிஜி1 அடர்த்தி தாயோட ரத்தத்தை விடவே பல மடங்கு. கன்னுக் குடல் முதல் நாள் மட்டும் பெரிய புரதத்தைத் தேர்வு பார்க்காம விழுங்கி ரத்தத்தில் விடும். 24 மணி நேரத்துக்குள்ள அந்த வழி மூடிக்கும். 20 கிலோ கன்னுக்கு உடம்பு எடையில் பத்துல ஒரு பங்கு, 2 லிட்டர் சீம்பால், அதுல பாதி முதல் ரெண்டு மணி நேரத்துக்குள்ளங்கறதுக்குக் காரணம் அதுதான். நஞ்சு விழற வரைக்கும் கறக்கக் கூடாதுன்னு காத்திருந்தா கதவு மூடிக்கிட்டே போகும்.

எலிக் குட்டியில் இது வேற மாதிரி. குடல் மேல்முகத்தில் எஃப்சிஆர்என் ஏற்பி பிஹெச் 6 பக்கம் ஐஜிஜியைப் பிடிக்கும், அடிமுகத்தில் 7.4 வந்ததும் விடும். டிரான்ஸ்ஃபெரினுக்குச் சொன்ன அதே பிஹெச் தந்திரம், இன்னொரு சரக்குக்கு. மனுசக் குழந்தைக்கு நஞ்சுக்கொடியிலயே எஃப்சிஆர்என் இந்த வேலையை முடிச்சிருது.

—

ஆனைமலை எழுதியது:

நல்ல இடத்துல தொட்டீங்க. மனுசத் தாய்ப்பாலில் ஐஜிஏ எதிர்ப்பொருள் வர்றதுக்குக் காரணமான பிஐஜிஆர் ஏற்பிதான் இந்தத் துறைக்கே பாடப்புத்தகம். 1984-இல் மோஸ்டோவும் பிளோபெலும் அதோட சிடிஎன்ஏவை (ஜீனோட பிரதி) படிச்சாங்க, 1986-இல் மோஸ்டோவும் டெய்ச்சரும் எம்டிசிகேவில் வச்சு அது அடியிலிருந்து மேலே போறதைக் காட்டினாங்க. புதுசா செஞ்ச ஏற்பி முதல்ல அடிமுகத்துக்குப் போகும். அதுக்கு வாலில் 17 அமினோ அமிலக் குறிப்பு. அங்கே ஐஜிஏ-ஐப் பிடிச்சு உள்ளே வந்து, பொது எண்டோசோம், மேல்முக எண்டோசோம், மேல்முகம். அங்கே ஏற்பியோட வெளிப்பகுதி வெட்டுப்பட்டு ஐஜிஏவோட சேர்ந்தே வெளியே போகும். ஏற்பி ஒரு தடவைதான் பயன்படும், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி மாதிரி திரும்ப வராது.

ஒரே பொது எண்டோசோமில் ரெண்டும் சந்திச்சுட்டு ஒண்ணு மேலே, ஒண்ணு கீழே. அதனாலதான் நல்ல சோதனையில் ரெண்டையும் ஒரே செல்லில் ரெண்டு நிறத்தில் ஓட்டுவாங்க. ஐஜிஏ மேலே போகுது, டிரான்ஸ்ஃபெரின் போகலைன்னு ஒரே ஃபில்டரில் காட்டினா கசிவுன்னு யாரும் வாய் திறக்க முடியாது.

—

மருதமலை எழுதியது:

மயோசின் 5பி பேரு வந்ததால ஒரு குறிப்பு. 2008-இல் அந்த ஜீனில் கோளாறு இருந்தா மைக்ரோவில்லஸ் உள்ளடக்க நோய் வரும்னு கண்டுபிடிச்சாங்க. பொறந்த சில நாளிலயே குழந்தைக்கு நிக்காத வயித்துப்போக்கு. குடல் செல்லோட மேல்முகத்தில் இருக்க வேண்டிய மைக்ரோவில்லை (விரல் மாதிரி நுண் நீட்சிகள்) குட்டையாப் போகும், செல்லுக்குள்ள தனி உருண்டைகளுக்குள்ளே மைக்ரோவில்லை தெரியும். பிஏஎஸ் சாயத்தில் மேல் ஓரத்தில் மெல்லிய கோடா இருக்க வேண்டியது உள்ளே பரவித் தெரியும். வாய் வழியா ஊட்ட முடியாம ரத்தக் குழாய் வழி ஊட்டமோ குடல் மாற்றோ தேவைப்படும். மேல்முகச் சரக்கை மேலே திரும்ப ஏத்தற மோட்டார் நின்னா என்ன ஆகும்ங்கறதுக்கு இதை விடத் தெளிவான சாட்சி கிடையாது.

சிறுநீரகத்துல வடிஞ்சு வர்ற புரதத்தைப் பிடிக்கற மெகாலின் ஏற்பி இதே மாதிரி மேலே திரும்பிக்கிட்டே இருக்கோணும். டென்ட் நோயில் சிஎல்சி-5 (எண்டோசோம் சவ்வுல இருக்கற குளோரைடு கடத்தி) கெட்டா எண்டோசோம் வேலை குலைஞ்சு, சிறிய புரதங்கள் சிறுநீரில் வழியும். ஜென்டாமைசின் சிறுநீரகத்தைக் கெடுக்கறதும் மெகாலின் அதை உள்ளே இழுக்கறதாலதான்.

—

தறிமேடை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டிரான்ஸ்ஃபெரின் மட்டும் இல்லாம, ஏற்பியையே நேரடியாப் பின்தொடரணும்னா செல் பரப்புப் புரதத்துல பயோட்டின் அடையாளம் ஒட்டற முறைன்னு சொல்றாங்க. அதுக்கு எங்கெங்க சறுக்கும்?

—

நொய்யல்கரை எழுதியது:

சறுக்கற இடம் நாலு.

பொருள்: சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின், மில்லிக்கு 0.5 மில்லிகிராம், கால்சியம் மெக்னீசியம் சேர்த்த பிபிஎஸ், பிஹெச் 7.4 முதல் 8 வரை, பனியில் 15 நிமிஷம், ரெண்டு தடவை, ரெண்டாவதுக்குப் புதுசாக் கரைச்சு. குப்பியை ஃப்ரீஸரிலிருந்து எடுத்து உடனே திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்க. ஐப்பசி மழைக் காலத்துல குளிர்ந்த குப்பியைத் திறந்தா உள்ளே வியர்க்கும், அந்த ஈரத்திலயே என்ஹெச்எஸ் (புரதத்தோட ஒட்டற முனை) செத்துப் போகும். டிரிஸ் பஃபர் பக்கமே போகக் கூடாது, அதோட அமைன் பயோட்டினைத் தின்னுரும். வேலை முடிஞ்ச பிறகு மிச்சத்தை அடக்கத்தான் 50 மில்லிமோலார் கிளைசின்.

பனி: கோடையில மேசை மேல வச்ச தட்டு பனி மேல இருக்கற மாதிரித்தான் தெரியும், அடியில காத்து இடைவெளி இருந்தா உள்ளே 12 டிகிரி. அந்த வெப்பத்துல எண்டோசைட்டோசிஸ் மெல்ல நடந்துக்கிட்டே இருக்கும். பனியும் தண்ணியும் கலந்த சேறு மாதிரிப் பண்ணி, ஒரு உலோகத் தகடு வச்சு, அது மேல தட்டு. தெர்மாமீட்டரைக் கிண்ணத்துக்குள்ளயே விட்டுப் பாருங்க.

உரித்தல்: 37 டிகிரியில் உள்ளே போக விட்ட பிறகு, பரப்பில் மிஞ்சினதை உரிக்கறது குளுட்டத்தயோன் 50 மில்லிமோலார், 100 மில்லிக்கு 1.54 கிராம். இங்கதான் முக்கால்வாசிப் பேர் தோக்கறாங்க. குளுட்டத்தயோன் கரைச்ச உடனே கடும் அமிலம். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஹெச் 8.6-க்குக் கொண்டுவந்தாத்தான் அதோட தயோல் எலெக்ட்ரானோட தயாரா நின்னு பயோட்டினைப் பிடிச்சிருக்கற டைசல்ஃபைடு பிணைப்பை (பேர்ல வர்ற எஸ்எஸ்) வெட்டும். பிஹெச் பார்க்காம ஊத்தினா ஒண்ணுமே உரியாது. பனியில் 20 நிமிஷம், ரெண்டு தடவை, ரெண்டு முகத்திலும். டிடிடி (இதே வேலை செய்யற இன்னொரு தயோல்) வேண்டாம், அது சவ்வைத் தாண்டி உள்ளே போய் உள்ளிருக்கறதையும் வெட்டிரும். பிறகு மில்லிக்கு 5 மில்லிகிராம் அயோடோஅசிட்டமைடு போட்டு மிச்சத் தயோலை அடக்கோணும். இல்லாட்டி செல்லைக் கரைக்கும்போது உள்ளே பத்திரமா இருந்த பயோட்டினையும் அது வெட்டிரும்.

கட்டுப்பாடு: மூணு இன்செர்ட் கட்டாயம். ஒண்ணு பயோட்டின் போட்டு உரிக்காதது, அது 100. ஒண்ணு பயோட்டின் போட்டு 37-க்குப் போகாமலே உரிச்சது, அது 5 முதல் 10-க்குள்ள இருக்கோணும். ஒண்ணு பயோட்டினே போடாதது. மறுசுழற்சி பார்க்கறதுன்னா முதல் உரிப்புக்குப் பிறகு மறுபடி 37-க்கு வச்சு, ரெண்டாவது தடவை உரிக்கறது. முதல் உரிப்புல தப்பிச்சது ரெண்டாவதுல குறைஞ்சா அவ்வளவு வெளியே வந்துச்சுன்னு அர்த்தம். எந்த முகத்துக்கு வந்துச்சுன்னு தெரியணும்னா ரெண்டாவது உரிப்பை ஒரு இன்செர்ட்டில் மேல்முகத்தில் மட்டும், இன்னொண்ணில் அடிமுகத்தில் மட்டும் செய்யோணும். மேலே சொன்ன நாலு கூட்டல் கணக்கு இங்கயும் உண்டு.

—

சென்னிமலை எழுதியது:

அடிமுகத்துக்குப் பயோட்டின் போடறதுக்குக் கிண்ணம் நிறைய ஊத்தி வீணாக்க வேண்டாம். பாராஃபில்ம் மேல சொட்டு விட்டு, இன்செர்ட்டை அது மேல சாய்ச்சு உக்கார வைங்க. 12 மி.மீ.க்கு 150 மைக்ரோலிட்டர் பத்தும். குமிழி பார்க்க மறக்காதீங்க.

படம் எடுக்கறதுன்னா பாலிகார்பனேட்டை விட்டுட்டு பாலியெஸ்டர் இன்செர்ட் வாங்கிக்குங்க, அது ஒளி ஊடுருவும். சின்னக் கத்தியால ஓரத்தைச் சுத்தி அறுத்து எடுத்து, செல் இருக்கற பக்கம் மேலே பார்க்க வைங்க. ஒரு ஓரத்துல சின்ன வெட்டு அடையாளம் போட்டுக்கிட்டா எது மேல்பக்கம்னு பிறகு குழம்பாது. கவர்கிளாஸ் நேரா அழுத்தினா 10 மைக்ரானுக்கு மேல நிக்கற செல் நசுங்கி, மேல் எண்டோசோமும் கீழ் எண்டோசோமும் ஒரே தளத்துல தெரியும். ரெண்டு பக்கமும் மெல்லிய தாங்கு வைங்க. கண்ணாடியில் நேரா வளர்த்த எம்டிசிகே இன்னும் தட்டையா இருக்கும், அதுல மேல் கீழ் பேசவே கூடாது. சாயத்துக்கு சப்போனின் (சவ்வுல ஓட்டை போடறது) போட்டா எதிர்ப்பொருள் கரைசல் எல்லாத்திலயும் சப்போனின் இருக்கோணும், அலசினா சவ்வு மறுபடி மூடிக்கும்.

—

தறிமேடை எழுதியது:

கடைசியா ஒண்ணுங்க. மைக்ரோடியூபியூலை (செல்லுக்குள்ள சரக்கு ஓடற நுண்குழாய்) உடைச்சுட்டுப் பார்க்கலாம்னு அதுக்கான மருந்து நோகோடசோல் 33 மைக்ரோமோலார் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் போட்டேன். சாயத்தில் மைக்ரோடியூபியூல் அப்படியே நிக்குது. மருந்து கெட்டுப் போச்சுங்களா?

—

ஆனைமலை எழுதியது:

மருந்து கெடலை. நிறைஞ்ச எம்டிசிகேவில் மைக்ரோடியூபியூல் ரொம்ப நிலையானது, மைனஸ் முனை மேல்முகத்திலும் பிளஸ் முனை அடியிலும் நீளவாக்கில் நிக்கும். 37-இல் நோகோடசோல் புதுசா வளர்றதைத்தான் தடுக்கும். முதல்ல மருந்தோட சேர்த்து பனியில் ஒரு மணி நேரம் வைங்க, குளிர்ல இருக்கறது உடையும். பிறகு மருந்து இருக்கும்போதே 37-க்கு ஏத்துங்க, திரும்ப வளராது. கட்டுப்பாட்டு இன்செர்ட்டையும் அதே நேரம் பனியில் வச்சாகோணும். வெறும் டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கற திரவம்) போட்டு 37-இல் வச்சதோட ஒப்பிட்டா குளிரோட விளைவை மருந்து மேல ஏத்திருவீங்க. அப்படிச் செஞ்சா ஐஜிஏ மேலே போறது நல்லாக் குறையும், டிரான்ஸ்ஃபெரின் கீழே திரும்பறது அவ்வளவா மாறாது. ரெண்டையும் ஒரே ஃபில்டரில் பாருங்க.